மணல்திட்டு ஆட்டம்

ஜனவரி பிறந்துவிட்டால் டாரன்ட் ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது. குப்பைத்தொட்டிச் சாவி எங்கே, ஒலிபெருக்கியை யார் வைத்திருக்கிறார்கள், கடற்கரைக் கழிப்பறையில் காகிதம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது, எல்லாவற்றையும் கிளெனிஸ் ஹாரப்பைத்தான் கேட்க வேண்டும். மற்ற பதினோரு மாதமும் தன் வீட்டுக் கூரையைத் தானே ஏறிச் சரிசெய்துகொள்கிற ஊர்தான் இது. இங்கே ஜனவரிதான் கோடை; கோடை விழா என்று சொன்னதும் எல்லோருக்கும் கை முடங்கிவிடும். வாய் மட்டும் இரண்டு முழம் நீளும்.

விழாச் சனிக்கிழமையன்று காலை எட்டு மணிக்குள் அவளை மறித்துக் கேள்வி கேட்டவர்கள் பதினான்கு பேர். செருப்பு எறியும் போட்டிக்கு இடதுகால் செருப்பா, வலதுகால் செருப்பா? நாய் அலங்காரப் போட்டியில் பூனையைச் சேர்த்துக்கொள்வார்களா? போன வருடம் மணற்கோட்டைப் போட்டியில் இரண்டாம் பரிசு கொடுத்தது அநியாயம் என்று இப்போது புகார் செய்யலாமா?

"எந்தக் கால் செருப்பா இருந்தா என்னப்பா? எறிஞ்சா போதும்" என்றாள் கிளெனிஸ்.

"அதுக்கில்ல கிளென், இடதுகால் செருப்பு வளைஞ்சு போகும்."

"அப்போ வலதுகாலை எறி. காலோட சேத்து எறிஞ்சாலும் எனக்குச் சந்தோஷம்தான்."

அவள் கையில் பச்சை நிறத் தூண்டில் பெட்டி ஒன்று இருந்தது. மீன் பிடிக்கிற சாமான் எதுவும் அதில் இல்லை. அனுமதிக் கடிதங்கள், காப்பீட்டுத் தாள், சாவிக்கொத்துகள், விசில், ஸ்கோர் புத்தகம், தலைவலி மாத்திரை, இவ்வளவும் அதற்குள்தான். விழாவை நடத்துகிறவர் கையில் அந்தப் பெட்டி இருக்கும். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு அந்த வருடம் ஜனவரி கிடையாது. கிளெனிஸ் கைக்கு அது வந்து ஒன்பது வருடம் ஆகிறது.

பெட்டி கைமாற ஒரே வழிதான் உண்டு. ஊர் முகத்துவாரத்தில், ஆறும் கடலும் கலக்கிற இடத்தில், தண்ணீர் வற்றும்போது ஒரு மணல்திட்டு வெளியே வரும். மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே நிற்கும், பிறகு முழுகிப் போகும். அந்தத் திட்டின் மேல் வருடத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர்களுக்கும் கேரவன் பார்க்கில் வந்து தங்குகிற கூடாரக்காரர்களுக்கும் கிரிக்கெட் ஆட்டம். தோற்ற பக்கம் அடுத்த வருடத்து விழாவை நடத்த வேண்டும். ஆட்டம் முடிவதற்குள் தண்ணீர் வந்து ஸ்டம்பைத் தொட்டுவிட்டால் முடிவில்லை, பெட்டி இருந்த பக்கமே இருக்கும். யார் எப்போது போட்ட விதி என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதை மாற்றலாம் என்று சொன்னவர்களை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒன்பது வருடமாக ஊர் ஜெயிக்கவில்லை. கூடாரக்காரர்களின் தலைவன் ஸ்டாவ்ரோஸ், குவின்பியன் நகரத்தில் காரில் விழுந்த ஒடுக்கு எடுக்கிறவன். மணிக்கட்டு இரும்பு. ஊர் அணியின் தலைவன் டேரல், குழாய் வேலைக்காரன். பந்து வருகிற திசையை அவன் பந்து போன பிறகுதான் முடிவு செய்வான்.

ஆனால் இந்த வருடம் ஊர் ஜெயித்தே ஆக வேண்டும். ஏனென்றால் அடுத்த ஜனவரி பத்தாம் தேதி கிளெனிஸுக்கு அறுபது வயது. அவளுக்கு எட்டு நிமிடம் கழித்துப் பிறந்த இரட்டைத் தங்கை குவெண்டாவுக்கும் அறுபது. குவெண்டா நியூசிலாந்தில், நெல்சனில் இருக்கிறாள். சின்ன வயதிலிருந்து இருவரும் ஒரே கேக்கை வெட்டி வளர்ந்தவர்கள். இந்த ஒன்பது வருடத்தில் ஒரு பிறந்தநாளுக்குக்கூட கிளெனிஸ் அங்கே போகவில்லை. ஜூலையில் போவாள், இரண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்துவிட்டு வருவார்கள். பிறந்தநாளன்று தொலைபேசியில் பேசும்போதுகூட இவள் பக்கத்தில் யாராவது ஒலிபெருக்கி கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

நேற்று ராத்திரி குவெண்டா சொன்னது இவள் காதிலேயே இருந்தது. "அறுபது ஒரு தடவைதான் வரும் கிளென். அந்தப் பெட்டியைச் சாக்குச் சொல்லி நீ வரலைன்னா, கேக்கை நான் தனியா வெட்டுவேன். உன் பாதியை நாய்க்குப் போட்டுட்டு, நாயோட போட்டோவை உனக்கு அனுப்புவேன். அப்புறம் எனக்குப் போனே பண்ணாதே."

சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவள் முடிக்கும்போது சிரிக்கவில்லை.

பத்தேகால் மணிக்கு ஐஸ் வாங்கத் தூண்டில் கடைக்குப் போனாள் கிளெனிஸ். கடை கைமாறி ஆறு மாதம் ஆகிறது. பழையவர் கடல் ஏறி இறங்கும் நேரங்களைச் சின்னப் புத்தகமாகக் கொடுப்பார். புதியவர் அதை நிறுத்திவிட்டு, சுவரில் பெரிய அட்டையாக மாட்டிவிட்டார். போன நவம்பரில் கிளெனிஸ் அந்த அட்டையைப் பார்த்துத்தான் விழா நாளுக்கு நேரம் எழுதிக்கொண்டு போனாள். ஒன்று பத்து என்று போட்டிருந்தது. கோடையில் ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறது, கடலுக்கு அந்தச் சங்கதி தெரியாது. அதனால் புத்தகத்து நேரத்தோடு ஒரு மணியைக் கூட்ட வேண்டும். ஒன்பது வருடமாகக் கூட்டுகிறாள். இந்த முறையும் கூட்டினாள். தண்ணீர் முழுக்க வற்றுவது இரண்டு பத்து, ஆட்டம் சரியாக ஒரு மணிக்கு என்று முந்நூறு போஸ்டர் அடித்து ஒட்டினாள்.

ஐஸ் மூட்டை வருவதற்குள் அந்த அட்டையின் அடிப்பகுதி கண்ணில் பட்டது. எறும்பு எழுத்தில் ஒரு வரி: கோடைக்கால ஒரு மணி நேரம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுள்ளது.

அவள் கடையிலேயே நின்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். அப்படியென்றால் வற்றம் ஒன்று பத்துக்கே. இரண்டு ஐம்பதுக்கெல்லாம் தண்ணீர் திட்டின் முதுகில் ஏறிவிடும். பக்கத்துக்குப் பன்னிரண்டு ஓவர், நடுவில் தேநீர். ஒரு மணிக்கு ஆரம்பித்தால் முடிய மூன்று மணி ஆகும். பத்து நிமிடம் குறைகிறது.

வெறும் பத்து நிமிடம். பன்னிரண்டே முக்காலுக்கு ஆரம்பித்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியவே தெரியாது.

ஊரைக் கூப்பிட்டு, "நேரம் தப்பாப் போட்டுட்டேன், சீக்கிரம் கிளம்புங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் அரைமணியில் எல்லோரும் படகுகளுக்குப் பக்கத்தில் நின்றிருப்பார்கள். அதை அவளால் சொல்ல முடியவில்லை. அதற்குக் காரணம் டெஸ்மண்ட்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் பெட்டி டெஸ் கையில் இருந்தது. அவர் அந்த வருடம் ஒரு மணியைக் கூட்ட மறந்துவிட்டார். எல்லோரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே படகேறிப் போய், திட்டு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீரைப் பார்த்தபடி படகில் அலைக்கு ஆடிக்கொண்டு கிடந்தார்கள். துணை மேயர் தொப்பிக்குள்ளேயே வாந்தி எடுத்தார். பிறகு நடந்த ஆட்டத்தில் ஊர் தோற்றது. அடுத்த வாரம் சமூகக்கூடத்துக் கூட்டத்தில் கிளெனிஸ் எழுந்து நின்று, "கடிகாரம் பாக்கத் தெரியாதவங்க கையில விழாவைக் குடுத்தா இப்படித்தான் ஆகும்" என்றாள். அறுபது பேர் சிரித்தார்கள். டெஸ் பெட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அது அவளுக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஐஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக டேரலிடம் வந்தாள். அவன் சாசேஜ் சுடுகிற தட்டுக்குப் பக்கத்தில் நின்று ரொட்டிக்குள் வெங்காயத்தைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"டேரல், படகைப் பன்னெண்டு மணிக்கே எடுத்துரலாம்."

"போஸ்டர்ல படகு பன்னெண்டரைக்குன்னு நீதானே போட்டே?"

"சீக்கிரம் போனா என்ன குறைஞ்சு போவுது?"

"வெயில்ல அரைமணி அதிகமா நிக்கணும், அதான் குறைஞ்சு போவுது. ஏன், என்ன அவசரம்?"

"அவசரம்லாம் ஒண்ணுமில்ல."

"அப்போ பன்னெண்டரை" என்று சொல்லிவிட்டு அவன் ரொட்டியைக் கடித்தான்.

கேரவன் பார்க்குக்கு ஓடினாள். ஸ்டாவ் மடக்கு நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்து டென்னிஸ் பந்தின் ஒரு பாதிக்கு மட்டும் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தான். அப்படிச் சுற்றினால்தான் பந்து காற்றில் வளையும்.

"என்ன கிளென், இந்த வருஷமும் பெட்டியை நீயே வச்சுக்கப் போறியா? பழகிடுச்சு போல."

"கொஞ்சம் முன்னாடியே கிளம்புங்கப்பா. கூட்டம் அதிகம், படகு பத்தாது."

"என் மாமியார் கேக் பண்ணிட்டிருக்காங்க. அது ஆறணும், மேல சாக்லேட் ஊத்தணும், தேங்காய்ப்பூ போடணும். அவங்களை அவசரப்படுத்தற தைரியம் உனக்கிருந்தா உள்ள போய்ச் சொல்லிப் பாரு."

கிளெனிஸ் உள்ளே எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாள் கையில் கத்தியோடு திரும்பிப் பார்த்த பார்வையில் பேசாமல் வந்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குத் துணை மேயர் மைக்கைப் பிடித்தார். இவர் வாந்தி எடுத்தவர் இல்லை, அவருக்குப் பின் வந்தவர். ஆனால் அவர் வாயால் கொட்டியதைவிட இவர் கொட்டுவது அதிகம். சாலை அகலப்படுத்தியது, சுறா கண்காணிப்பு, அவருடைய தாத்தா இந்தக் கடற்கரையில் நண்டு பிடித்தது. கிளெனிஸ் மேடைக்குக் கீழே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். அவர் புரிந்துகொண்டு தலையாட்டினார். "நேரம் பொன்னானது என்று நம் கிளெனிஸ் நினைவூட்டுகிறார். ஒன்பது ஆண்டுகளாகச் சலிக்காமல் உழைக்கும் இந்தப் பெண்மணியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லாவிட்டால் நன்றாயிராது" என்று இன்னொரு ஏழு நிமிடம் அவளைப் பாராட்டினார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

பிறகு ஊர் அணியில் ஒருவனைக் காணவில்லை. தேடினால் அவன் இறால் தட்டுக் குலுக்கலில் ஜெயித்துவிட்டு, இறாலை ஐஸில் வைக்க வீட்டுக்குப் போயிருக்கிறான். ஒரு படகின் சாவி மற்றொருவன் நீச்சல் கால்சட்டையில் இருந்தது. அவன் நீந்திக்கொண்டிருந்தான்.

ஆட்டம் ஆரம்பித்தபோது மணி ஒன்று ஐந்து.

கிளெனிஸ் திட்டின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, மடியில் ஸ்கோர் புத்தகமும் கழுத்தில் விசிலுமாக உட்கார்ந்தாள். பெட்டியைக் கையில் வைத்திருப்பவர்தான் ஸ்கோர் எழுத வேண்டும், தண்ணீர் ஸ்டம்பைத் தொட்டதும் விசில் ஊத வேண்டும். திட்டு அகலமாக, வெள்ளையாக, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் கிடந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இனி இது சுருங்கத்தான் போகிறது என்று அவளுக்கு மட்டும்தானே தெரியும்?

கூடாரக்காரர்கள் நூற்றுப் பதினெட்டு அடித்தார்கள். ஸ்டாவ் மட்டும் நாற்பது. பந்து நேராகத் தண்ணீரில் போய் விழுந்தால் ஆறு ரன், ஆனால் அடித்தவன் அவுட், அது இந்தத் திட்டின் சட்டம். கூடாரக்காரர்கள் ஆசைப்படாமல் தரையோடு தரையாகவே உருட்டினார்கள்.

இடைவேளையில் கேக் வந்தது. மேலே சாக்லேட், தேங்காய்ப்பூ, எல்லாம் இருந்தது.

"இன்னைக்குத் தேநீரை விட்டுட்டு ஆடிரலாமே" என்றாள் கிளெனிஸ்.

திட்டின் மேல் இருந்த நாற்பது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மணமாக ஆடலாமே என்று சொல்லியிருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"என்ன கிளென் நீ? மனுஷங்கதானே நாம?" என்றான் டேரல். ஸ்டாவின் மாமியார் பெரிய துண்டாக வெட்டி இவள் கையில் கொடுத்தார். தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்று பார்த்தார்.

இரண்டு பத்துக்கு ஊர் அணி ஆட இறங்கியது. இந்த இடத்தில்தான் கிளெனிஸின் பொல்லாத நேரம் வேலை செய்தது. ஒன்பது வருடமாக ஆடாதவர்கள் எல்லாம் அன்றைக்குப் பார்த்து ஆடினார்கள். டேரல் கண்ணை மூடிக்கொண்டு வீசிய மட்டையில் பந்து வந்து வந்து பட்டது. அவன் மட்டும் முப்பத்தாறு. பேக்கரிக்காரி ரொவீனா வெறுங்காலோடு ஓடி ஓடி ஒன்று ஒன்றாகவே இருபத்திரண்டு சேர்த்தாள். தோற்கிறபடி தோற்றிருந்தால்கூடப் பரவாயில்லை, இப்படி ஜெயிக்கிற மாதிரி காட்டுகிறார்களே என்று கிளெனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

இரண்டரைக்கு அவள் நாற்காலிக் கால்கள் ஈர மணலில் இறங்கின. இரண்டு நாற்பதுக்குக் கணுக்கால் நனைந்தது. பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி சீக்கிரமா வருதே" என்றான் எல்லையில் நின்ற ஒருவன்.

"காத்துதான். நீ பந்தைப் பாரு" என்றாள் கிளெனிஸ்.

பதினோராவது ஓவரில் ரொவீனா அவுட். ஸ்கோர் நூற்றுப் பதினைந்து. ஜெயிக்க நான்கு ரன், கையில் ஒன்பது பந்து, கடைசி விக்கெட். கடைசியாக மட்டையை எடுத்துக்கொண்டு வந்தது டெஸ். எழுபத்தொரு வயது, ஒரு பக்க இடுப்பு மாற்றியது, வேறு ஆள் கிடைக்காததால் அணியில் சேர்க்கப்பட்டவர். நடுத் திட்டைத் தவிர எல்லாப் பக்கமும் தண்ணீர் பளபளத்தது. மைதானம் ஒரு வீட்டு முற்றம் அளவுக்கு ஆகிவிட்டது. எங்கே தூக்கி அடித்தாலும் தண்ணீர்தான். தூக்கி அடித்தால் ஆறு, ஆறு வந்தால் ஜெயம், அதற்குப் பிறகு அவுட் ஆனால் என்ன? கிளெனிஸுக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது.

கத்தியும் விட்டாள். "தூக்கி அடி டெஸ்!"

"எதுக்கு? இன்னும் ஒன்பது பந்து இருக்கே" என்றார் அவர் சாவகாசமாக. தரையோடு தட்டினார். ஒரு ரன் நொண்டிக்கொண்டே ஓடினார்.

மெல்லிய நுரை ஒன்று ஊர்ந்து வந்து இந்தப் பக்கத்து ஸ்டம்பின் அடியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. கிளெனிஸ் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை. விசில் அவள் பல்லுக்கு நடுவில் இருந்தது. ஊதவில்லை. அடுத்த பந்தில், மறுமுனையில் ஆடிக்கொண்டிருந்த டேரலின் மச்சான் ஒரு ரன் எடுத்தான். இன்னும் இரண்டு. நுரை மறுபடியும் வந்தது, இந்த முறை திரும்பிப் போகவில்லை. டெஸ் மட்டையை ஓங்கினார். குவெண்டாவின் கேக், நெல்சன் வீட்டுப் பின்கட்டு, ஜனவரி வெயில், எல்லாம் அந்த மட்டையின் நுனியில் நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. பந்து பட்டது. சப்பென்று தண்ணீரில் குத்தி, ஈரக் கந்தல் மாதிரி அங்கேயே நின்றுவிட்டது. டெஸ் இரண்டு எட்டு வைப்பதற்குள் நடு ஸ்டம்ப் மெதுவாகச் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தது.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் விசிலை ஊதினாள்.

முடிவில்லை. பெட்டி இருந்த பக்கமே இருக்கும்.

"என்ன கிளென் இது?" ஸ்டாவ் ஸ்டம்பைத் துரத்திப் பிடித்துக்கொண்டு வந்தான். "வத்தறது ரெண்டு பத்துன்னு போட்டிருந்தே. ரெண்டு ஐம்பதுக்கே முழுகுது. கடலுக்குப் போஸ்டர் காட்டலியா நீ?"

ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். பௌர்ணமி என்றான் ஒருவன். மேலே அணை திறந்திருப்பார்கள் என்றாள் ரொவீனா. உலகமே சூடாகிக்கொண்டு வருகிறது, இதெல்லாம் இனிமேல் இப்படித்தான் என்றான் டேரல். கிளெனிஸ் சும்மா இருந்திருக்கலாம். பௌர்ணமி தலையில் பழியைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து வாயைக் கட்டிக் கட்டி அவளுக்கு அலுத்துவிட்டது.

"பௌர்ணமியுமில்ல, ஒரு மண்ணுமில்ல. நான்தான். புது அட்டையில ஒரு மணி ஏற்கெனவே கூட்டியிருக்கு. நான் மறுபடியும் கூட்டிட்டேன். காலையிலேயே தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எல்லோரும் டெஸ் பக்கம் திரும்பினார்கள். அவர் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நான் ஒரு மணியைக் கூட்டவே இல்ல. நீ ரெண்டு தடவை கூட்டிட்டே" என்றார். "ரெண்டையும் சேத்துப் பாத்தா நாம சரியாத்தான் இருக்கோம்."

நாற்பது பேர் சிரித்தார்கள். அன்றைக்குச் சமூகக்கூடத்தில் கேட்ட அதே சிரிப்பு. எதிர்ப் பக்கத்தில் நின்று கேட்டால் அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"சரி விடு, போவுது" என்று டேரல் அவள் தோளைத் தட்டினான். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம். நீ இருக்கறப்போ எங்களுக்கு என்ன கவலை?"

அவ்வளவுதான். காலையிலிருந்து வந்த பதினான்கு பேர், செருப்பு, கேக், சாவி, துணை மேயர், எல்லாம் சேர்ந்து அவள் தொண்டைக்கு வந்தது.

"நான் இருக்க மாட்டேன்! அடுத்த ஜனவரி பத்தாம் தேதி எனக்கும் என் தங்கைக்கும் அறுபது. நான் நெல்சன்ல இருப்பேன். பெட்டி ஊர்ப் பக்கம் இருக்கணும்னுதான் விதி, என் மடியில இருக்கணும்னு எங்கேயாவது எழுதியிருக்கா? இந்தா டெஸ், பிடி. உங்கிட்டேருந்து வந்ததுதானே? அன்னைக்கு நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாடியும் சொல்றேன், தப்பு."

டெஸ் பெட்டியைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"எனக்கு உம்மேல கோவமே இல்ல கிளென். ஒன்பது ஜனவரி. ஒவ்வொரு நாளும் காலையில மீன் பிடிக்கப் போனேன். உன் புண்ணியம். அதை மறுபடியும் எங்கிட்டக் குடுக்காதே, தாயே."

டேரலிடம் நீட்டினாள். டேரல் தன் கால்விரல்களைப் பார்த்தான். ரொவீனா கடலைப் பார்த்தாள். ஸ்டாவ் வேறு பக்கத்து ஆள், ஆனாலும் இரண்டு எட்டுப் பின்னால் போனான். தண்ணீர் எல்லோருடைய கணுக்காலையும் தாண்டியிருந்தது.

கிளெனிஸ் நடுத் திட்டுக்குப் போனாள். இன்னும் ஒரு முழ அகலத்துக்கு மேடாக இருந்த மணலில் பெட்டியை வைத்தாள். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"பத்து நிமிஷத்துல தண்ணி தூக்கிட்டுப் போயிரும். விழா வேணுங்கறவங்க எடுத்துக்கோங்க. வேண்டாம்னா கடலே நடத்தட்டும்."

"கிளென், இதெல்லாம் நல்லா இல்ல" என்றான் டேரல்.

"இல்லதான்" என்றாள் அவள். டெஸின் அலுமினியப் படகுதான் பக்கத்தில் இருந்தது. அதில் ஏறிக் கரையைப் பார்த்து உட்கார்ந்தாள். டெஸும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி எஞ்சினைக் கிளப்பினார்.

பின்னால் குரல்கள் கேட்டன. நீ எடு, நீ எடு என்று யாரோ கத்தினார்கள். காப்பீட்டுத் தாள் உள்ளே இருக்குடா என்றது ஒரு குரல். கிளெனிஸின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மார்ச் மாதம் அனுமதிக் கடிதம் போட வேண்டும், சின்னச் சாவிதான் குப்பைத்தொட்டிக்கு, மைக்கைத் துணை மேயர் கையில் கொடுக்கவே கூடாது, இவ்வளவும் வரிசையாக நாக்குக்கு வந்தது. ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

பின்னால் தடதடவென்று யாரோ தண்ணீரில் ஓடுகிற சத்தம். பிறகு ஒரு பெரிய கூச்சல், கைதட்டல்.

எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ் திட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"எடுத்தாச்சு" என்றார்.

கிளெனிஸ் தலையை மட்டும் ஆட்டினாள். தொலைபேசியை எடுத்து, ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குவெண்டாவுக்கு எழுதினாள்: வர்றேன். நாய்க்கு எதுவும் போடாதே.

"யாருன்னு கேக்க மாட்டியா?" என்றார் டெஸ்.

"சொல்லாதே டெஸ். சொன்னா, அவங்களால முடியாதும்பேன்."